ஜி.என்.ராமச்சந்திரன்: மூளைக் கட்டியைப் படமாக்கும் கணக்கைத் தந்த தமிழர் யார்?

கூலிம் ஹைடெக் பூங்காவில் நீங்கள் வேலை செய்பவராக இருந்தால், அல்லது உங்கள் அண்ணனோ அக்காவோ அங்கே ஷிப்ட் பார்ப்பவராக இருந்தால், இது பழகிய காட்சியாக இருக்கலாம். மின்னணுத் தொழிற்சாலைகளில் சிப்பை உடைக்காமலேயே, உள்ளே சால்டர் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று எக்ஸ்ரே இயந்திரத்தில் பார்ப்பார்கள். சில இயந்திரங்கள் இன்னும் ஒரு படி மேலே போய், பல கோணங்களில் படம் எடுத்து, அந்தப் பொருளைக் கணினித் திரையில் துண்டு துண்டாக வெட்டிக் காட்டும்.

மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் செய்வதும் அதே வேலைதான். அங்கே வெட்டிக் காட்டப்படுவது ஒரு மனிதரின் தலை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே வகைக் கணக்கு. அதில் ஒரு முக்கியமான பகுதி 1971-ஆம் ஆண்டு பெங்களூரிலிருந்து வந்தது. அதை எழுதிய இருவரில் மூத்தவர் ஜி.என்.ராமச்சந்திரன்.

இப்போது ஏன் அவரைப் பற்றிப் பேச வேண்டும்? மூளைப் புற்றுநோய் வந்த ஒருவர் எத்தனை காலம் இருப்பார் என்பதை ஸ்கேன் படத்தை வைத்தே செயற்கை நுண்ணறிவு சொல்லிவிடும் என்கிற மாதிரியான செய்திகள் உங்கள் கைப்பேசிக்கு வந்துகொண்டே இருக்கின்றன. எங்கள் செய்தி அறைக்கும்தான். அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று தெரிய வேண்டுமானால், அந்தப் படம் எப்படி உருவாகிறது என்று முதலில் தெரிய வேண்டும். அதற்கு இந்த மனிதரின் வாழ்க்கையே நல்ல வழி.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எஸ்.பி.எம். தேர்வோடு கணக்கை விட்டு ஓடியவர்களில் நானும் ஒருவர். எனக்குப் புரிந்தால் உங்களுக்கும் புரியும்.

கணக்கு வாத்தியார் வீட்டுப் பிள்ளை

ராமச்சந்திரன் பிறந்தது 1922 அக்டோபர் 8, எர்ணாகுளத்தில். தமிழ்க் குடும்பம். அவர் பெயரின் முன்னால் நிற்கும் ஜி என்ற எழுத்து, கோபாலசமுத்திரம் என்ற ஊர்ப்பெயரைக் குறிக்கும். அப்பா நாராயண ஐயர், எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். வீட்டிலேயே கணக்கு வாத்தியார் இருந்தால் என்ன ஆகும் என்று உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். இவருக்கு அது பிடித்துப்போனது.

திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு, 1942-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் போனார். சேர்ந்தது மின்பொறியியல் துறையில். ஆனால் அங்கே சர் சி.வி.ராமன் இருந்தார். 1930-இல் நோபல் பரிசு வாங்கியவர். பையனைப் பார்த்ததும், மின்பொறியியலுக்கு இவன் ரொம்பவே கெட்டிக்காரன் என்று சொல்லி ராமன் தன் துறைக்கு இழுத்துக்கொண்டார் என்று இன்றும் கதை சொல்வார்கள். கதையில் எவ்வளவு மசாலா சேர்ந்திருந்தாலும், துறை மாறியது நிஜம். படிகங்களுக்குள் எக்ஸ்ரே கதிர் எப்படிச் சிதறுகிறது என்று பார்ப்பது அவர் தொழிலானது.

1947-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்குப் போய் இன்னொரு முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு, 1949-இல் திரும்பி வந்தார். அங்கேயே தங்கியிருக்கலாம். தங்கவில்லை.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். எக்ஸ்ரே படிகவியல் என்பது என்ன வேலை? கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளின் மீது கதிரைப் பாய்ச்சி, மறுபக்கம் விழும் புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பது. உள்ளே போய்ப் பார்க்க முடியாது. வெளியே கிடைக்கும் தடயம் மட்டும்தான். ராமச்சந்திரன் வாழ்நாள் முழுக்கச் செய்தது, ஒரு வகையில், இந்த ஒரே வேலையைத்தான்.

கங்காரு வாலும் சென்னையும்

1952-இல் சென்னைப் பல்கலைக்கழகம் இயற்பியல் துறைக்குத் தலைவர் தேடியது. துணைவேந்தர் ஆ.லட்சுமணசாமி முதலியார் முதலில் ராமனைத்தான் கேட்டார். ராமன் தன் மாணவரைக் கைகாட்டினார். அப்போது ராமச்சந்திரனுக்கு வயது 30. உங்களில் பலருக்கு அந்த வயதில் நிரந்தர வேலைகூட அமைந்திருக்காது. (எனக்கும்தான்.)

சென்னையில் அவர் கையில் எடுத்தது கொலாஜன் என்ற புரதம். தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்திருக்கும் நார் அது. பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது வசதியாகப் போனது. கங்காரு வாலின் தசைநாண் நல்ல எக்ஸ்ரே படம் தரும் என்று தெரிந்து அதையும் பயன்படுத்தினார்கள். 1954-இல் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் நேச்சர் இதழில் முடிவை வெளியிட்டார்கள்: கொலாஜன் மூன்று இழைகளால் ஆனது. மறு ஆண்டு, அந்த மூன்றும் கயிறு போல ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருப்பதாகத் திருத்தினார்கள்.

கேம்பிரிட்ஜில் பிரான்சிஸ் கிரிக் தரப்பு ஒரு குறை கண்டுபிடித்தது. மூன்று இழை சரி. ஆனால் சென்னை மாதிரியில் சில அணுக்கள் ஒன்றோடொன்று ரொம்ப நெருங்கி நிற்கின்றன, அது நடக்காது என்றது. டி.என்.ஏ. வடிவத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் இப்படிச் சொன்னால் நம்மில் பலர் அடங்கிப் போயிருப்போம். ராமச்சந்திரன் வேறு வழியில் போனார். அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்று அதுவரை வெளிவந்திருந்த தரவுகளை எல்லாம் தோண்டினார். சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து, ஒரு புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்கலாம், எதில் மடங்கவே முடியாது என்று ஒரு வரைபடம் போட்டார். 1963-இல் வெளிவந்த அதற்கு ராமச்சந்திரன் வரைபடம் என்றே பெயர். உயிர்வேதியியல் படிக்கும் உங்கள் நண்பர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். பாடப்புத்தகத்தில் இருக்கும்.

அவர் புகழ் பெரும்பாலும் இந்த வரைபடத்தோடு நின்றுவிடுகிறது. அது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஏனென்றால் உங்கள் குடும்பத்தை நேரடியாகத் தொட்டிருக்கக்கூடிய அவருடைய வேலை அடுத்தது.

பால் மரத் தோட்டத்தில் ஒரு கணக்கு

1970-இல் ராமச்சந்திரன் சென்னையை விட்டுப் பெங்களூருக்குத் திரும்பினார். அங்கே மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவை உருவாக்கினார். சிகாகோ பல்கலைக்கழகத்திலும் வருகைப் பேராசிரியராக இருந்தார். இந்தச் சமயத்தில்தான் ஏ.வி.லட்சுமிநாராயணன் என்பவருடன் சேர்ந்து ஒரு கேள்வியில் இறங்கினார். ஒரு பொருளின் நிழல்கள் மட்டும் கையில் இருந்தால், பொருளைத் திரும்ப உருவாக்க முடியுமா?

பாடாங் செராய், லூனாஸ் பக்கம் தோட்டத்தில் வளர்ந்த உங்கள் தாத்தா பாட்டிக்கு இந்தக் கேள்வி புரியும். ரப்பர்த் தோட்டத்தைச் சாலையிலிருந்து பாருங்கள். ஒரு கோணத்தில் எல்லா மரமும் ஒன்றை ஒன்று மறைத்து ஒரே சுவர் போல நிற்கும். பத்து அடி நகர்ந்தால் திடீரென்று வரிசை திறந்து, மறுகோடி வரை தெரியும். தோட்டத்தைச் சுற்றி வந்து, ஒவ்வொரு கோணத்திலும் எங்கே அடர்த்தி, எங்கே இடைவெளி என்று குறித்துக்கொண்டால், உள்ளே கால் வைக்காமலேயே எந்த மரம் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடலாம். இது முடியும் என்று ஆஸ்திரியக் கணிதவியலாளர் யோஹான் ராடோன் 1917-லேயே நிரூபித்துவிட்டார். முடியும் என்பது வேறு, சீக்கிரம் செய்து முடிப்பது வேறு.

எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு நிழலையும் அது வந்த திசையிலேயே திரும்பத் தாளில் பூசிக்கொண்டே போவது. எல்லாத் திசைப் பூச்சும் சேரும் இடத்தில் மரம் இருக்கும். பிரச்சினை என்னவென்றால், மரம் இல்லாத இடத்திலும் பூச்சு இழுபட்டு நிற்கும். படம் முழுக்கப் பனி மூடின மாதிரி இருக்கும். அதைத் துடைக்க ஃபூரியே உருமாற்றம் என்ற கணித முறை இருந்தது. ஆனால் அன்றைய கணினிக்கு அது பெரிய சுமை.

ராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும் சொன்ன தீர்வு இது. படத்தை வரைந்த பிறகு பனியைத் துடைக்காதீர்கள். பூசுவதற்கு முன்பே நிழலைச் சரிசெய்யுங்கள். நிழலின் ஒவ்வொரு புள்ளியையும் எடுத்து, அதன் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கொஞ்சம் கழித்துவிடுங்கள். எவ்வளவு கழிக்க வேண்டும்? நடுப்புள்ளிக்குக் கால் பங்கு. இரண்டு, நான்கு, ஆறு இடம் தள்ளி இருப்பவை பூஜ்ஜியம். ஒன்று, மூன்று, ஐந்து இடம் தள்ளி இருப்பவை கழித்தல். தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அந்தக் கழித்தல் குறைந்துகொண்டே போகும். கூட்டல், பெருக்கல் தவிர வேறு எதுவும் வேண்டாம்.

கட்டுரை 1971 செப்டம்பரில் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வந்தது. ஐந்தே பக்கம். இதில் ஒரு வேடிக்கை. அதற்கு முந்தைய ஆண்டுதான் ராமச்சந்திரன், ஆர்.சீனிவாசனுடன் சேர்ந்து, படிகவியலில் ஃபூரியே முறைகள் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதியிருந்தார். அந்த முறையை அவ்வளவு ஆழமாகத் தெரிந்தவருக்குத்தான் அது எங்கே தேவையில்லை என்றும் தெரிந்தது.

உலகிலேயே முதலில் யோசித்தவர் இவர்தான் என்று சொன்னால் அது மிகை. ரேடியோ வானியலில் பிரேஸ்வெல்லும் ரிடிலும் 1967-லேயே இதே வழியைத் தொட்டிருந்தார்கள். எக்ஸ்ரே படத்துக்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்துக்கும் அதைக் கொண்டுவந்து, வேகமாகவும் நடக்கும், துல்லியமாகவும் இருக்கும் என்று காட்டியது பெங்களூர்க் கட்டுரை.

அதே ஆண்டு, லண்டனில்

அந்தக் கட்டுரை வந்த சிறிது காலத்தில், 1971 அக்டோபர் 1 அன்று, லண்டன் விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் ஒரு பெண்ணின் தலை முதன்முதலாக சி.டி. ஸ்கேன் செய்யப்பட்டது. மூளையின் முன்பகுதியில் கட்டி இருக்கலாம் என்று சந்தேகம். இயந்திரத்தைச் செய்தவர் இ.எம்.ஐ. நிறுவனப் பொறியாளர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட். படத்தில் கட்டி தெரிந்தது.

ஆக, சி.டி. ஸ்கேனின் கதையே மூளைக் கட்டியில்தான் தொடங்குகிறது.

ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு ராமச்சந்திரன் முறை தெரியாது. அவர் வேறு வழியில், திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டே போகும் கணக்கைப் பயன்படுத்தினார். அவருடைய ஆரம்பகாலச் சோதனைக் கருவியில் ஒரு படத்துக்கான தரவைச் சேர்க்க 9 நாள் ஆனது. பெரிய கணினியில் கணக்குப் போட இரண்டரை மணி நேரம். நோயாளிகளுக்கான இயந்திரம் வந்தபோது நேரம் வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் கதிர் பாயும் வேகத்துக்குக் கணக்கும் ஓட வேண்டும் என்றானபோது, ஸ்கேன் உலகம் நிழலை முன்பே திருத்திப் பூசும் முறைக்கு மாறியது. பிறகு பல பத்தாண்டுகள் அதுதான் ஆட்சி செய்தது. லட்சுமிநாராயணன் 1975-இல், அமெரிக்காவின் பஃபலோவில் இருந்தபோது, விசிறி போல விரியும் கதிருக்கும் அந்தக் கணக்கை விரித்தார்.

1979-இல் சி.டி. ஸ்கேனுக்கான நோபல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் ஆலன் கோர்மாக்குக்கும் போனது. ராமச்சந்திரன் பெயர் அதில் இல்லை. இயந்திரத்தைக் கட்டியவருக்கும் 1960-களிலேயே கணக்கை வெளியிட்டவருக்கும் கொடுத்ததில் தப்புச் சொல்ல முடியாது. ஆனால் நம் பள்ளிக்கூடங்களில் இவர் பெயர்கூடக் கேட்டதில்லையே என்பது வேறு விஷயம்.

சரி, படம் பார்த்துக் காலம் சொல்ல முடியுமா?

இப்போது நாம் கேட்க வந்த கேள்விக்கு வருவோம். கிளியோபிளாஸ்டோமா என்பது மூளையில் தோன்றும் புற்றுநோய்களில் மிகவும் மூர்க்கமானது. 2005-இல் வெளிவந்த பெரிய ஆய்வில், அறுவை சிகிச்சைக்குப் பிறகு கதிர்வீச்சோடு டெமோசோலோமைடு மாத்திரையும் பெற்றவர்களில் பாதிப் பேர் 14.6 மாதங்களைத் தாண்டி வாழ்ந்தார்கள். கதிர்வீச்சு மட்டும் என்றால் 12.1 மாதம். கொடுமையான எண்தான். ஆனால் கவனியுங்கள்: பாதிப் பேர் அதைத் தாண்டினார்கள். மாத்திரை பெற்றவர்களில் நான்கில் ஒருவருக்கும் சற்று அதிகமானோர் இரண்டு ஆண்டுக்குப் பிறகும் இருந்தார்கள். யார் எந்தப் பக்கம் என்பதுதான் ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ளத் துடிப்பது.

ஸ்கேன் படம் இதில் நிஜமாகவே உதவுகிறது. கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது, சுற்றிலும் வீக்கம் எவ்வளவு, அறுவைக்குப் பிறகு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதெல்லாம் நோயின் போக்கோடு தொடர்புள்ளவை. மூளைக் கட்டிக்கு இன்று பெரும்பாலும் எம்.ஆர்.ஐ.தான் பார்ப்பார்கள். அது காந்தப்புலத்தில் இயங்குவது, கணக்கும் வேறு. சி.டி.யோ அவசரத்தில் முதலில் எடுக்கும் படம்; கதிர்வீச்சு சிகிச்சைக்குத் திட்டம் போடுவதும் அதில்தான். ஒவ்வொரு இடத்துக்கும் எவ்வளவு கதிர் என்பதை சி.டி. தரும் எண்களை வைத்தே கணக்கிடுகிறார்கள்.

இதற்கு அடுத்த படிதான் ரேடியோமிக்ஸ். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய திட்டுகள், சொரசொரப்புகள் எல்லாவற்றையும் கணினி நூற்றுக்கணக்கான எண்களாக மாற்றி, எது ஆயுளோடு ஒத்துப்போகிறது என்று தேடும். இங்கேதான் ராமச்சந்திரன் திரும்ப வருகிறார்.

அவர் வடிகட்டிக்கு ஒரு குணம் உண்டு. விளிம்பைக் கூர்மையாக்கும்போது இரைச்சலையும் சேர்த்துக் கூட்டிவிடும். அதனால் 1974-இல் ஷெப், லோகன் என்ற இருவர் அதைக் கொஞ்சம் மென்மையாக்கினார்கள். இன்றைய இயந்திரங்களில் எலும்புக்கு ஒன்று, மென்திசுவுக்கு ஒன்று என்று பல வடிகட்டிகள் உண்டு. ஒரே தலை, ஒரே கதிர். வடிகட்டியை மாற்றினால் சொரசொரப்பு மாறும். சொரசொரப்பு மாறினால் ரேடியோமிக்ஸ் எண் மாறும். எண் மாறினால் கணிப்பும் மாறலாம். எம்.ஆர்.ஐ.யிலும் இயந்திரத்துக்கு இயந்திரம் இதே தொல்லை. ஒரு மருத்துவமனையின் படங்களில் பிரமாதமாக வேலை செய்த மென்பொருள், இன்னொரு ஊர் இயந்திரத்தின் முன் தடுமாறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

உதாரணம் வேண்டுமா? எம்.ஜி.எம்.டி. என்ற மரபணு அணைந்திருந்தால் டெமோசோலோமைடு நன்றாக வேலை செய்யும். அதைத் தெரிந்துகொள்ள மூளைத் திசு வேண்டும். எம்.ஆர்.ஐ. படத்தை வைத்தே சொல்லிவிடலாம் என்று பல ஆய்வுகள் நம்பிக்கை தந்தன. 2021-இல் வட அமெரிக்கக் கதிரியக்கவியல் சங்கமும் பிற அமைப்புகளும் இதற்காகவே உலகப் போட்டி நடத்தின. இந்த அளவுகோலில் 1 என்றால் முழு வெற்றி, 0.5 என்றால் காசு சுண்டிப் பார்ப்பது. முதல் பரிசு பெற்ற மென்பொருள் எடுத்தது சுமார் 0.62.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். கதிர்வீச்சு முடிந்த முதல் சில மாதங்களில் எடுக்கும் படத்தில் கட்டி பெரிதானது போலத் தெரியலாம். சில நேரம் அது நோய் முற்றியதால் அல்ல, சிகிச்சையின் விளைவு. மருத்துவர்களுக்கே உடனே பிரித்துச் சொல்வது கஷ்டம். பொறுத்திருந்து அடுத்த படத்தோடு ஒப்பிடுவார்கள். அதனால் கூலிமிலிருந்து அப்பாவையோ அத்தையையோ பினாங்குக்கு அழைத்துப் போகும்போது, பழைய ஸ்கேன் குறுந்தட்டுகளையும் கையோடு கொண்டுபோங்கள். அடுத்த படத்தை முடிந்தவரை அதே முறையில் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். படத்தைக் கைப்பேசிச் செயலியில் ஏற்றி ஆயுள் கேட்கிற வேலை மட்டும் வேண்டாமே.

கடைசிக் காலம்

ராமச்சந்திரன் 1977-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். பிற்காலத்தில் அவர் மனம் தர்க்கவியலின் பக்கம் போனது. இந்தியத் தர்க்க மரபுகளை, ஆம், இல்லை, சொல்ல முடியாது என்ற நிலைகளைக் கணித வடிவில் எழுத முயன்றார். படத்தைப் பார்த்துக் காலம் சொல்லத் துடிக்கும் இன்றைய மென்பொருள்களுக்கு அந்த மூன்றாவது விடை இன்னும் சரியாக வரவில்லை என்பது என் கருத்து.

அவருக்கு பார்கின்சன் நோய் வந்தது. 1998-இல் மனைவி ராஜலட்சுமி இறந்தார். மறு ஆண்டு, படிகவியலின் உயரிய விருதான எவால்ட் பரிசு அவருக்குக் கிடைத்தது. 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் காலமானார்.

நீங்கள் பொறியியல் மாணவர் என்றால், உங்கள் கல்லூரிக் கணினியில் மாட்லாப் இருக்கும். நிழல்களிலிருந்து படம் உருவாக்க அதில் ஐராடன் என்று ஒரு கட்டளை உண்டு. எந்த வடிகட்டி வேண்டும் என்று நீங்கள் சொல்லாமல் விட்டால், அது தானாக ஒன்றை எடுத்துக்கொள்ளும். அதன் பெயர் ராம்-லாக். முதல் பாதி ராமச்சந்திரன், அடுத்த பாதி லட்சுமிநாராயணன்.